சீன மை ஓவியத்தில் தாமரை: எல்லாத் தாமரையும் புத்தருடையதா?

சீன மை ஓவியங்களில் தாமரை இவ்வளவு அடிக்கடி வருவது பௌத்தத்தால்தானா? அப்படியென்றால் புனிதமான ஒரு பூவை நிறமே இல்லாமல் கறுப்பு மையில், அதுவும் கிழிந்து காய்ந்த இலைகளோடு வரைவது ஏன்? இதுதான் கேள்வி. நல்ல கேள்வி, அதன் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், சீனத் தாமரைக்குள் பௌத்தம் ஆழமாக இருக்கிறது, ஆனால் அது தனியாக இல்லை. மை ஓவியர்களின் தாமரையில் பல சமயம் கன்பூசியப் படிப்பாளி பேசுகிறார், அரியணை இழந்த வம்சத்தின் வாரிசு பேசுகிறார், அரசுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர் பேசுகிறார். யார் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளப் பூவை மட்டும் பார்த்தால் போதாது. இலையையும் தண்டையும் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் அதற்கான விளக்கம்தான்.

முதலில் ஒரு விஷயம். தாமரையைச் சீனாவுக்குப் பௌத்தம் கொண்டுவரவில்லை. 1923ஆம் ஆண்டு ஹெனான் மாகாணத்தின் ஷின்ஜெங்கில் ஒரு பழைய கல்லறையிலிருந்து இரண்டு பெரிய வெண்கலக் குடுவைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் உயரம். மூடியைச் சுற்றி இரண்டு அடுக்குத் தாமரை இதழ்கள் விரிந்திருக்க, நடுவில் ஒரு கொக்கு சிறகை விரித்து நிற்கிறது. கி.மு. 770 முதல் 476 வரையிலான காலகட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும் மற்றொன்று ஹெனான் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சூ நாட்டுக் கவிஞர் சூ யுவான், தாமரை இலையில் மேலாடையும் தாமரைப் பூவில் கீழாடையும் செய்து உடுத்துவதாகப் பாடியிருக்கிறார். அரசன் ஒதுக்கிவிட்ட நேர்மையான அமைச்சர் அவர். ஆக, புத்தரின் பெயர் சீனாவில் கேட்பதற்கு முன்பே, ஒதுக்கப்பட்ட நல்லவனுக்கும் தாமரைக்கும் ஒரு உறவு அங்கே ஏற்பட்டுவிட்டது. பிற்கால மை ஓவியர்களிடம் இது மறுபடி தலைதூக்கும்.

பொது ஆண்டு முதல் நூற்றாண்டு வாக்கில் பௌத்தம் வந்தபோது, செடி பழையதாக இருக்க, அர்த்தங்கள் புதிதாகச் சேர்ந்தன. இந்தியப் பௌத்தத்தில் தாமரைக்கு இரண்டு முக்கியமான உவமைகள் உண்டு. ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்தது: தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் இருப்பது. தண்ணீரில் பிறந்து, தண்ணீரில் வளர்ந்து, தண்ணீர் படியாமல் மேலே நிற்கும் தாமரை போலத் தான் இருப்பதாகப் புத்தர் சொல்வது பாலி நூல்களில் இருக்கிறது. இரண்டாவது, ஞானம் பெற்றபின் போதிப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்த கட்டம். உலகைப் பார்க்கிறார். ஒரு குளத்தில் சில தாமரைகள் நீருக்குள்ளேயே இருக்கின்றன, சில நீர்மட்டத்தில் நிற்கின்றன, சில மேலே எழுந்துவிட்டன. மக்களும் அப்படித்தான், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்று முடிவெடுக்கிறார். இந்த இரண்டாவது உவமை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் குளம் முழுவதும் இருக்கிறது. மலர்ந்ததும் உண்டு, மலராததும் உண்டு, இரண்டுக்கும் ஒரே சேறு.

சீனாவில் இந்தக் கருத்துகள் எப்படி வேரூன்றின என்று பார்த்தால் குமாரஜீவர் என்ற பெயரில்தான் வந்து நிற்கும். மத்திய ஆசியாவின் கூச்சா நகரத்தில் பிறந்தவர், தந்தை இந்தியர். அன்றைய தலைநகரான சாங்கானில் அவர் மேற்பார்வையில் 406ஆம் ஆண்டு இரண்டு பெரிய சூத்திரங்கள் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. ஒன்று பெயரிலேயே வெண்தாமரையைக் கொண்ட சத்தர்ம புண்டரீகம். இன்னொன்று விமலகீர்த்தி சூத்திரம். தாமரை ஓவியத்தைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் கனமானது என்பது என் கருத்து. அதில் ஒரு வாக்கியம்: மேட்டு நிலத்தில், காய்ந்த தரையில் தாமரை முளைக்காது, தாழ்ந்த ஈரமான சேற்றில்தான் முளைக்கும். அதுபோலவே ஆசையும் குழப்பமும் நிறைந்த வாழ்க்கைக்குள்தான் ஞானம் முளைக்கும் என்கிறது.

'சேற்றில் இருந்தும் அழுக்குப் படாமல்' என்று எல்லோரும் சொல்வார்கள். விமலகீர்த்தி அதற்கு ஒரு படி மேலே போகிறது. சேறு இல்லையென்றால் பூவே இல்லை. முதல் பார்வையில் சேறு தப்பிக்க வேண்டிய ஒன்று, இரண்டாவதில் அதுவே உணவு. சீனத் தாமரை ஓவியங்களை இந்த இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்தவையாகப் பார்க்கலாம்.

சீனப் பௌத்தத்தின் தியான்தாய் மரபை உருவாக்கிய ஜியீ (538–597) இன்னொன்றைக் கவனித்தார். மற்ற மரங்களில் பூ உதிர்ந்தபின் காய் வரும். தாமரையிலோ பூ விரியும்போதே நடுவில் பொகுட்டு தயாராக இருக்கிறது. காரணமும் பலனும் ஒரே கணத்தில் இருப்பதற்கு இதை உவமையாக்கினார். ஓவியத்தில் இதழ்களுக்கு நடுவே அந்தத் தட்டையான பொகுட்டும் அதில் கண்கள் போன்ற விதைக்குழிகளும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பௌத்த வாசகருக்கு அது வெறும் தாவர விவரம் இல்லை.

சாதாரண மக்களிடம் தாமரையைக் கொண்டுபோனது சுகாவதி, அதாவது அமிதாப புத்தரின் இன்ப உலகம், பற்றிய நம்பிக்கை. அங்கே குளங்களில் வண்டிச் சக்கரம் அளவு தாமரைகள், நீலப் பூவுக்கு நீல ஒளி, மஞ்சளுக்கு மஞ்சள் ஒளி. இறந்தவர் அங்கே தாயின் வயிற்றில் பிறப்பதில்லை, தாமரை மொட்டுக்குள் பிறக்கிறார். செய்த வினையைப் பொறுத்து ஒன்பது தரம், மொட்டு விரியும் நேரமும் அதற்கேற்ப மாறும். கடைசித் தரத்துக்குப் பன்னிரண்டு மகா கல்பம், அதாவது எண்ணிப் பார்க்க முடியாத நீண்ட யுகங்கள், காத்திருக்க வேண்டும், ஆனாலும் ஒருநாள் விரியும். கொடுமை செய்தவனுக்கும் இடம் வைத்திருக்கும் கருணை இது. சீனாவின் வடமேற்கில் உள்ள பௌத்தக் குகைக்கோயில்களான துன்ஹுவாங் மொகாவோ குகைகளில் 642ஆம் ஆண்டைச் சேர்ந்த 220ஆம் குகையின் சுவரில் இந்தக் குளத்தைப் பார்க்கலாம். ஒளி ஊடுருவும் மொட்டுகளுக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள்.

தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு கோயிலை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். சீனத் துறைமுக நகரமான சுவான்ஜோவில் கையுவான் கோயில் 686இல் தொடங்கப்பட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர், தன் மல்பெரி மரங்களில் வெண்தாமரை பூத்தால் நிலத்தைத் துறவிக்குத் தருவதாகச் சொன்னாராம், பூத்துவிட்டதாம். அதனால் முதலில் அதற்குத் தாமரைக் கோயில் என்றுதான் பெயர். அதன் பிரதான மண்டபத்தின் பின்புறம் பதினாறு பட்டை கொண்ட இரண்டு கல்தூண்களில் இந்து தெய்வ உருவங்கள் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த ஊரில் தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலிலிருந்து வந்தவை அவை. அதே நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. தாமரை பூத்த கதையோடு தொடங்கிய பௌத்தக் கோயிலுக்குள் நம் ஊர்ச் சிற்பம் நிற்கிறது என்பது எனக்கு எப்போதும் மனம் நெகிழும் விஷயம்.

சரி, இவ்வளவும் பௌத்தம். ஆனால் குகைக்கோயில் தாமரையையும் மை ஓவியத் தாமரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹெனானின் லோங்மென் குகைக்கோயில்களில் தாமரைக் குகை என்று ஒன்று உண்டு. கூரையில் பெரிய தாமரை நேர்முகமாக, வட்டமாக, எல்லா இதழும் சமமாக விரிந்திருக்கிறது. துன்ஹுவாங் 407ஆம் குகையின் கூரையிலும் அப்படியே, நடுவில் மூன்று முயல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. புத்தரின் ஆசனமும் அதே சமச்சீர். இவற்றில் பெரும்பாலும் தண்டு கிடையாது, சேறு கிடையாது, காற்று கிடையாது. அது காலத்துக்கு வெளியே இருக்கும் தாமரை. மை ஓவியத்தில் தாமரை பக்கவாட்டில் நிற்கிறது. தண்டு வளைகிறது, இலையில் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறது, மழை பெய்திருக்கிறது. காலத்துக்குள் மாட்டிக்கொண்ட தாமரை. இந்த மாற்றம் எப்படி வந்தது?

பெரிய காரணம் சோங் வம்ச (960–1279) காலத்துச் சிந்தனையாளர் ஜோ துன்யீ (1017–1073). இவர் கன்பூசியர். 1063இல் தாமரையை ஏன் விரும்புகிறேன் என்று ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். சீன எழுத்தில் மொத்தம் 119 எழுத்துகள்தான். செவ்வந்தி பூக்களில் துறவி, பியோனி பூக்களில் செல்வந்தர், தாமரை பூக்களில் சான்றோர் என்றார். சேற்றிலிருந்து வந்தும் கறைபடாது, உள்ளே துளையுள்ளது, வெளியே நேரானது, கொடிபோல் படராது, கிளை விடாது, மணம் தூரம் போகப்போகத் தெளிவாகும், தள்ளி நின்று ரசிக்கலாமே தவிர அலட்சியமாகக் கையில் எடுத்து விளையாட முடியாது. ஒவ்வொரு வரியும் ஒரு தாவரத்தை நேரில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதியது, ஒவ்வொன்றும் ஒரு நல்ல அதிகாரியின் குணம். சேற்று உவமை பௌத்தத்திலிருந்து வந்தது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அவர் கடைசிக் காலத்தில் வீடு கட்டிக் குடியேறியது லூ மலை அடிவாரத்தில். அறுநூறு வருடங்களுக்கும் முன்பு, 402இல் துறவி ஹுவேயுவான் தன் அடியார்களோடு சுகாவதியில் பிறக்க உறுதி எடுத்த அதே மலை அது. ஆனால் ஜோ துன்யீயின் கட்டுரையில் சுகாவதி இல்லை, மறுபிறவி இல்லை. இதே உலகத்தில், அழுக்கான அலுவலகத்தில், நேராக நிற்பதைப் பற்றி மட்டும் பேசுகிறது. இதற்குப்பின் படித்த ஒருவர் தாமரை வரைந்தால் அது துறவியின் பூவாகவும் இருக்கலாம், நேர்மையான அரசு ஊழியரின் பூவாகவும் இருக்கலாம்.

சான் பௌத்தம், அதாவது ஜப்பானில் ஜென் ஆனது, வேறு திசையில் தள்ளியது. புத்தர் ஒரு பூவைத் தூக்கிக் காட்டினார், சீடர் மகாகாசியபர் மட்டும் புன்னகைத்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை பழைய இந்திய நூல்களில் இல்லை, சீனாவில் சோங் காலத்துச் சான் நூல்களில் பரவியது. அது தாமரை என்பதும் பின்னால் மக்கள் மனதில் சேர்ந்ததுதான். இந்த ஓவியங்களுக்கு அதைவிட நெருக்கமானது ஜிமென் என்ற குருவின் உரையாடல். ஒரு துறவி கேட்கிறார்: தாமரை நீரிலிருந்து வெளிவராதபோது அது என்ன? ஜிமென் சொல்கிறார்: தாமரைப் பூ. வெளிவந்தபின்? தாமரை இலை. அவ்வளவுதான். நாம் எதிர்பார்க்கும் வரிசையை அப்படியே புரட்டிப் போடுகிறார். இன்னும் வராத நிலையில் பூ முழுமையாக இருக்கிறது, வந்தபின் இலைதான் கண்ணில் படுகிறது. இதற்கு விளக்கம் எழுதினால் கெட்டுவிடும். ஆனால் ஒரு மை ஓவியத்தில் முக்கால்வாசிப் பரப்பை இலைகள் எடுத்துக்கொண்டு, பூ ஓரமாக வெறும் காகிதமாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த உரையாடல் நினைவுக்கு வரும்.

இனி மை. ஏன் நிறம் வேண்டாம் என்றார்கள் என்பது செய்முறை தெரிந்தால் தானாகப் புரியும்.

சோங் அரண்மனை ஓவியர்கள் தாமரையை வண்ணத்தில்தான் வரைந்தார்கள். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் நீரிலிருந்து எழும் தாமரை என்ற விசிறி ஓவியம் அதற்கு உச்சம். வரைந்தவர் பெயர் உறுதியில்லை. பட்டில், கால் மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு இளஞ்சிவப்புப் பூ. கோடே தெரியாத அளவுக்கு நுணுக்கம். இந்த வகைக்குக் கோங்பி என்று பெயர், அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றிப் பொறுமையாக வரைவது. மை ஓவியர்கள் தேர்ந்தெடுத்தது ஷியெயி. கருத்தை எழுதுவது என்று அதற்குப் பொருள், வேகமாக, சில வீச்சுகளில்.

அதற்கான காகிதம் அன்ஹுவெய் மாகாணத்தின் ஜிங் வட்டாரத்து ஷுவான் காகிதம். சிங்தான் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. 2009இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இந்தக் கைத்தொழில் இடம்பெற்றது. படிகாரம் பூசாத, பதப்படுத்தாத காகிதத்தில் மை பட்ட கணமே பரவும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. மை என்பது பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்த புகைக்கரியை விலங்குப் பசையோடு குழைத்து உலர்த்திய கட்டி. கல்லில் தண்ணீர் விட்டு இழைப்பார்கள். ஒரே மைக்கு ஐந்து நிறம் என்பார்கள், எரிந்த கறுப்பிலிருந்து வெறும் நீர் போன்ற சாம்பல் வரை.

தாமரை இலைக்கு இந்தக் காகிதமும் மையும் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். பெரிய ஆட்டுமயிர்த் தூரிகையில் முதலில் வெளிர் மையை நிறைத்து, நுனியை மட்டும் அடர் மையில் தொட்டு, தூரிகையைப் படுக்கவைத்து இலையின் நடுவிலிருந்து நான்கைந்து வீச்சு. இடையிடையே வெள்ளை இடைவெளி விடுவார்கள், அங்கேதான் வெளிச்சமும் மடிப்பும். பாதி காய்ந்த நிலையில் அடர் மையில் நரம்புகள். அந்த நேரம்தான் முக்கியம். சீக்கிரம் போட்டால் நரம்பு கரைந்துபோகும், தாமதித்தால் ஒட்டவைத்தது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். நடுவாந்தரத்தில் போட்டால் கோட்டின் ஓரம் மெல்லக் கசிந்து, இலை ஈரமாக இருக்கும். முந்தைய நாள் இழைத்து வைத்த பழைய மையைச் சிலர் வேண்டுமென்றே எடுப்பார்கள். அதில் துகள் கட்டியிருப்பதால் கறையின் விளிம்பில் கறுப்பு வரி படியும், சேறு காய்ந்தது போல.

தண்டு வேறு பரீட்சை. தூரிகையை நிமிர்த்தி, நுனி கோட்டின் நடுவில் ஓடும்படி ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பழைய முத்திரை எழுத்து எழுதும் கை இருந்தால்தான் அது வரும். முழங்கை மேசையில் படக்கூடாது. கை கொஞ்சம் தயங்கினாலும் அந்த இடத்தில் மை குளம் கட்டும். நீளமான தண்டென்றால் மேலிருந்து ஒரு வீச்சும் கீழிருந்து ஒரு வீச்சும் போட்டு நடுவில் சேர்ப்பவர்களும் உண்டு. பிறகு அடர் மையில் முள் புள்ளிகள். ஜோ துன்யீ சொன்ன 'உள்ளே துளை, வெளியே நேர்' என்பது இங்கே வெறும் வாசகமாக நிற்பதில்லை, வரைபவரின் மூச்சிலும் தோளிலும் சோதிக்கப்படுகிறது. சீன ரசிகர்கள் தாமரை ஓவியத்தில் முதலில் தண்டைப் பார்ப்பது இதனால்தான்.

பூவுக்கு மிகக் குறைவான வேலை. மெல்லிய வெளிர்க் கோட்டில் இதழ்களின் எல்லை, நுனியில் சில வரிகள். உள்ளே வெறும் காகிதம். சுற்றியுள்ள இலைக் கறுப்பினால்தான் அது வெண்மையாகிறது. தண்ணீரையோ பெரும்பாலும் வரைவதே இல்லை. தண்டு எங்கே முடிகிறதோ அங்கே தண்ணீர் இருப்பதாக நம் கண் எடுத்துக்கொள்கிறது. வண்ணம் வைத்தால் பூ தன் நிறத்தால் தனியாகக் கவரும். மையில் மட்டும் வரைந்தால் பூவின் வெண்மைக்கு இலையின் கறுப்பு தேவைப்படுகிறது. பூவுக்குச் சேறு வேண்டும் என்ற விமலகீர்த்தியின் வாக்கியம் அப்படியே காகிதத்தில் செயல்படுவதாக நான் இதைப் பார்க்கிறேன்.

இப்போது ஆட்களுக்கு வருவோம். மை தெறித்து வரையும் பாணியில் தாமரைக்கு உயிர் கொடுத்தவர் ஷாவோஷிங்கைச் சேர்ந்த ஷூ வெய் (1521–1593). மாகாணத் தேர்வில் எட்டு முறை தோற்றவர். மனநிலை குலைந்து தன்னையே காயப்படுத்திக்கொண்டவர், மனைவியைக் கொன்று ஏழு வருடம் சிறையில் இருந்தவர். அவர் வரைந்த மஞ்சள் ஓடு என்ற ஓவியத்தில் வாடித் தொங்கும் தாமரை இலைகளின் கீழே ஒரு நண்டு ஊர்கிறது. சீனத்தில் நண்டின் மேலோட்டைக் குறிக்கும் சொல்லே தேர்வில் முதலிடத்தையும் குறிக்கும். சரக்கே இல்லாதவர்கள் பட்டம் வாங்கிப்போவதைப் பற்றிய கோபம் அது. அந்த இலைகளைப் பாருங்கள், கந்தலாக, ஈரமாக, பெரிய கறைகளாகத் தொங்குகின்றன. இங்கே பௌத்தம் தேட வேண்டியதில்லை.

பாதா ஷான்ரென் (சுமார் 1626–1705) வேறு ரகம். என்னைக் கேட்டால் தாமரை ஓவியத்தில் இவருக்கு மேல் யாரும் இல்லை. இயற்பெயர் ஜூ தா, நான்சாங்கில் மிங் அரச குடும்பத்தின் ஒரு கிளையில் பிறந்தவர். 1644இல் மிங் வம்சம் விழுந்தபோது பதின்ம வயது முடியவில்லை. அரச ரத்தம் என்பதே உயிருக்கு ஆபத்து. 1648இல் தலைமழித்துச் சான் துறவி ஆனார், குருவாகவும் உயர்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் மடத்தில் இருந்தபின் 1680 வாக்கில் மனம் உடைந்தது. துறவாடையை எரித்துவிட்டு, சிரித்தும் அழுதும் நான்சாங் தெருக்களில் திரிந்ததாக வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பேசுவதை நிறுத்தி, கதவில் 'ஊமை' என்று எழுதி ஒட்டினாராம். அப்புறம் 1684 முதல் பாதா ஷான்ரென் என்று கையெழுத்திட ஆரம்பித்தார். அந்த நான்கு எழுத்துகளை அவர் சேர்த்து எழுதும் விதத்தில், அழுவது போலவும் சிரிப்பது போலவும் படிக்க முடியும்.

அவருடைய தாமரைகளில் தண்டுகள் அளவுக்கு மீறி நீளம். படத்தின் கீழ் விளிம்பிலிருந்து கிளம்பி, வளைந்து, மேலே எங்கோ போய் ஒரு கனமான இலையைத் தாங்குகின்றன. அடியில் ஒற்றைக்காலில் ஒரு பறவை, கண்ணின் வெள்ளை தெரிய மேலே முறைத்துப் பார்க்கிறது. இடம் பெரியது, நிற்பதற்கு நிலம் சிறியது. நாட்டை இழந்தவருடைய தாமரை என்று இதைச் சொல்வது எளிது, உண்மையும்கூட. ஆனால் அவர் வாழ்நாளில் முப்பது வருடத்துக்கு மேல் துறவியாக இருந்தவர், சான் குரு. அவரிடம் அரசியலையும் பௌத்தத்தையும் பிரித்தெடுக்க முயல்வது வீண் வேலை.

அவரது தாமரைகளில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், தியான்ஜின் அருங்காட்சியகத்தில் உள்ள ஆற்றின் மேல் பூக்கள் என்ற சுருளைப் பாருங்கள். 1697, அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஐந்தாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதம் வரை வரைந்தார். உயரம் அரை மீட்டருக்கும் குறைவு, நீளம் கிட்டத்தட்ட 13 மீட்டர். தாமரைகள் அடர்ந்து தொடங்குகின்றன. பிரிக்கப்பிரிக்க இலைகள் கவிழ்கின்றன, நிமிர்கின்றன, கரையும் பாறையும் குறுக்கே வருகின்றன, மை ஓரிடத்தில் வெள்ளமாகி இன்னோரிடத்தில் வறண்டு கீறலாகிறது. முடிவில் பூக்கள் குறைந்து, கல்லும் ஓடையும் மெலிந்த செடிகளும் மட்டும். அதற்குப் பிறகு தன் கையெழுத்திலேயே ஒரு நீண்ட பாடல். சுருளைக் கையால் பிரித்துக்கொண்டே பார்ப்பதுதான் பழைய முறை. ஒரு நேரத்தில் கை அகலம்தான் தெரியும், பார்த்தது மறுகையில் சுருண்டுவிடும். அப்படிப் பார்க்கும்போது தாமரை ஒரு பொருளாக நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு துன்பம் கண்ட கிழவர் ஒருவர் நான்கு மாதம் திரும்பத் திரும்ப ஒரே செடியை நோக்கித் தூரிகை எடுத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

இதே காலத்து ஷிதாவ் (1642–1707) மிங் குடும்பத்தின் இன்னொரு கிளை, அவரும் துறவியாகி உயிர் பிழைத்தவர். பிற்காலத்தில் யாங்ஜோவில் இருந்துகொண்டு பாதாவுக்குக் கடிதம் எழுதி ஓர் ஓவியம் கேட்கிறார். அதில் ஒரு வேண்டுகோள்: என்னைத் துறவி என்று எழுதாதீர்கள், எனக்கு இப்போது தலைமுடியும் தொப்பியும் இருக்கிறது. துறவு பாதுகாப்பாகவும் இருந்தது, சுமையாகவும் இருந்தது. அவருடைய மைத்தாமரைகள் பாதாவை விடச் செழிப்பானவை, குளத்தின் மணம் உள்ளவை.

தொடக்கக் கேள்வியில் வாடிய தாமரையும் இருந்தது. தாங் வம்ச (618–907) காலக் கவிஞர் லீ ஷாங்யின் ஒரு கவிதையில், காய்ந்த தாமரைகள் அப்படியே இருக்கின்றன, மழைச் சத்தம் கேட்க என்று எழுதினார். பச்சை இலையில் மழை உருண்டு போகும், காய்ந்த இலையில்தான் சத்தம் கேட்கும். அந்த ஒரு வரியால் இலையுதிர்காலக் குளம் படித்தவர்களின் ரசனைக்குள் வந்துவிட்டது. பௌத்தப் பக்கம் பார்த்தால் நிலையாமை. தண்டு முறிந்து, பொகுட்டு கறுத்துத் தலைகவிழ்ந்து, உள்ளே விதை முற்றியிருக்கிறது. கீழே சேற்றுக்குள் கிழங்கு கொழுத்திருக்கும், இலை வாடியபின் குளிர்காலத்திலும் தோண்டுவார்கள். அதனால் சீனப் பார்வையில் வாடிய தாமரை முழுக்கச் சோகமான படம் இல்லை. ஓவியனின் கண்ணோடு பார்த்தாலும் ஒரு காரணம் உண்டு. முறிந்த தண்டுகள் நீரில் விழுந்து கோணங்களாகக் கிடக்கும்போது அவை எழுத்துகள் போலவே இருக்கும், கையெழுத்துக் கலையில் பழகியவருக்கு அதைவிடச் சிறந்த பொருள் கிடைக்காது. முத்திரை எழுத்தில் வல்லவரான வூ சாங்ஷுவோவும் (1844–1927), விவசாயக் குடும்பத்தில் பிறந்து தச்சராக வாழ்க்கையைத் தொடங்கிய சீ பைஷியும் (1864–1957) தாமரையைத் திரும்பத் திரும்ப வரைந்ததில் ஆச்சரியம் இல்லை. சீ பைஷி தன் பூக்களுக்கு மட்டும் பளிச்சென்ற சிவப்பு வைத்தார், இலையைக் கறுப்பாகவே விட்டார். நீரில் விழுந்த தாமரையின் நிழலைத் தலைப்பிரட்டைகள் மொய்க்கும் படம் ஒன்று அவருடையது. உண்மைக் கண்ணோடு பார்த்தால் தண்ணீருக்குள் இருப்பவற்றுக்கு அந்த நிழல் தெரியாது, அவருக்கு அது பொருட்டில்லை. ஜாங் தாசியென் (1899–1983) துன்ஹுவாங்கில் 1941 முதல் இரண்டரை வருடம் போல இருந்து சுவரோவியங்களைப் படியெடுத்தவர். அதன்பின் அவர் வரைந்த ஆளுயரத் தாமரைகளில் இதழ்களின் கோடு சுவரோவிய தேவர்களின் ஆடை மடிப்பு போல நீண்டு ஓடுகிறது. கோயில் தாமரையும் குளத்துத் தாமரையும் மறுபடி சந்தித்தது அவரிடம்தான் என்று சொல்வேன்.

எச்சரிக்கையாக இரண்டு விஷயம். வெள்ளை என்றால் மனத்தூய்மை, சிவப்பு என்றால் கருணை, நீலம் என்றால் ஞானம் என்று ஒரு பட்டியல் எங்கும் சுற்றுகிறது. தாந்திரிக பௌத்தச் சிலைகளையும் மண்டலங்களையும் படிக்க அது ஓரளவு உதவும். மை ஓவியத்துக்குப் பொருந்தாது. அங்கே பூ வெள்ளையாக இருப்பது காகிதம் வெள்ளை என்பதால். அடுத்து, தாமரையோடு வேறு எது இருக்கிறது என்று பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். சீனத்தில் தாமரையின் பெயர், 'தொடர்ந்து', 'லஞ்சம் வாங்காத' என்ற சொற்களைப் போலவே ஒலிக்கும். மீனோடு வந்தால் வருடாவருடம் மிச்சம் இருக்கட்டும் என்ற புத்தாண்டு வாழ்த்து. வெண்கொக்கோடு வந்தால் தேர்வுகளில் அடுத்தடுத்துத் தேறட்டும் என்று. ஒற்றைத் தாமரை மேலதிகாரிக்கான அன்பளிப்பாகவும் இருக்கலாம், உங்கள் கை சுத்தம் என்ற பாராட்டோடு. ஒரே தண்டில் இரட்டைப் பூ என்றால் கல்யாணப் பரிசு. இவையெல்லாம் அழகானவை, ஆனால் ஞானத்தோடு சம்பந்தமில்லை.

ஆகவே ஒரு தாமரை ஓவியம் முன்னால் வந்தால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் தண்டு எப்படிப் போகிறது என்று பார்ப்பேன், பிறகு இலையில் மை எங்கே ஈரமாக, எங்கே வறண்டு இருக்கிறது என்று. அடுத்து கூட யார் இருக்கிறார்கள், மீனா, கொக்கா, முறைக்கும் பறவையா. கடைசியாக ஓரத்தில் உள்ள கவிதையும் முத்திரையும். எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் அருங்காட்சியகக் குறிப்பில் பொருள் இருக்கும். பாதா ஷான்ரெனில் தொடங்க விரும்பினால் வாஷிங்டனின் ஃபிரியர் கலைக்கூடம் வசதி. அவருடைய ஓவியங்களும் கையெழுத்தும் அங்கே நல்ல எண்ணிக்கையில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம், இலை நரம்பில் மை கசிந்த இடம்வரை தெரியும்.